நலவாழ்வும் நடுவுநிலைமையும்

மக்கட்பிறப்பு எய்துதற்கரியது என்பது நம்மனோர் யாவர்க்கும் ஒப்பமுடிந்த உண்மையாம். எய்திய அப்பிறப்பிற்கு நிலைக்களனாயுள்ள உடம்பினைப் பேணிக் காத்தலும் அறமே என்பதனை ஆன்றோர் வற்புறுத்திப் போந்தனர். ஆகவே சிறார்க்கு உடல்நலங் கற்பித்தல் இன்றியமையாததென்பதில் ஐயப்பாடு சிறிதுமின்று. ஐயம் நிகழ்வது பிறிதோரிடத்தாம். 'உன் உடம்பை நீ பேணுக' என்று கற்பித்தலோடு அமைதல் சாலுமோ? அன்றி, உடம்பைப் பேணுதற்கு வேண்டுவனவாகிய தூயநீரும் நல்லுணவும் மருந்தும் எல்லார்க்கும் முறையே கிடைக்கின்றனவா என்னும் வினாவையும் பதினொன்று முதல் பதினான்கு வரை அகவையுள்ள மாணாக்கர்முன் வைத்தல் வேண்டுமோ? அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்களை நடுப்பள்ளி என்பர். அந்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் இவ்வினா ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டு வருகின்றது. அவ்வாறு கற்பித்தல் தகுமோ, தகுமாயின் எவ்வாற்றாற் கற்பித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருளாம்.

இவ்வாராய்ச்சிக்கண் என்னை உய்த்தது நூலன்று; யான் செய்த பிழையொன்று. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன்னர் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பிற்கு யான் ஆசிரியனாயிருந்தேன். அவ்வாண்டு மழைக்காலத்தில் ஊரில் வயிற்றுப்போக்குப் பரவிற்று. மாணாக்கர்க்கு நற்பழக்கம் அறிவுறுத்தும் பெருவிருப்பால், 'நீரைக் காய்ச்சிப் பருகுவோர் கைதூக்குக' என்றேன். பலரும் தூக்கினர். அவருட் சிலர் பொய்யாகத் தூக்கினர் என்பது அப்பொழுதே எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வரிசையிலிருந்த ஒருவன் மட்டும் தூக்கிற்றிலன். அவனை எழுப்பி, அழுக்குநீரால் வரும் நோய்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, 'இனியேனும் காய்ச்சிக் குடிப்பாயா?' என வினவினேன். அவன் தலைகுனிந்து, 'சோறாக்கவே சீமெண்ணெய் பத்தலீங்க ஐயா' என்றான். வகுப்பில் நகையொலி எழுந்தது. யான் அதனை அதட்டி அடக்கினேன்; ஆயினும் அந்நகைக்கு வித்திட்டவன் யானே. பங்கீட்டுக் கடையில் அவன் வீட்டிற்கு அளந்த எண்ணெய் எத்துணை, அவன் வீட்டார் எந்தக் குழாயடியில் எத்துணைப்பொழுது நின்று நீர் கொணர்ந்தனர் என்பனவற்றுள் ஒன்றும் யான் அறியேன். அறியாது, ஊரில் வந்த நோயின் பொறுப்பு முழுவதையும் பன்னிரண்டு அகவைச் சிறுவன் ஒருவன் தலைமேல் ஏற்றிவைத்தேன். யான் கூறியவற்றுட் பொய் ஒன்றுமில்லை. நீரைக் காய்ச்சிப் பருகுதல் நன்றே. ஆயினும் அஃது உண்மையிற் பாதி. மற்றைப் பாதியை யான் கற்பித்திலேன். எனக்கு அதனைக் கற்பித்தாரும் இலர்.

அம்மற்றைப் பாதி யாதென ஆராய்வாம். நலவாழ்விற் காணப்படும் வேறுபாடுகள் எல்லாம் முறைகேடுகள் ஆகா. முதியோன் இளையோனினும் விரைவிற் றளர்கின்றான். மலையேறி விளையாடுவோன் வீட்டிலிருப்போனினும் மிகுதியாகக் காயமுறுகின்றான். இவற்றை யாரும் அநீதி என்னார். மார்கரெட் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலநாட்டு அறிஞர் 1990 இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின்பொருட்டு எழுதிய கட்டுரையில் இதற்கோர் எல்லை வகுத்தார். வேண்டப்படாததாய், தவிர்க்கத்தக்கதாய், அவற்றோடு நேர்மைக்கு மாறாயும் உள்ள வேறுபாடே முறைகேடு எனப்படும் என்பது அவர் கருத்தாம். இம்மூன்றனுள்ளும் தவிர்க்கத்தக்கது என்பதே உயிர்நிலையானது. தவிர்க்கவியலாத துன்பத்தைக் கண்டு நாம் இரங்கலாம். தவிர்க்கத்தக்க துன்பம் ஒருசாரார்மேலேயே மீண்டும் மீண்டும் வந்து விழுமாயின், அங்கே இரக்கத்தின்மேலும் ஒன்று வேண்டப்படுகின்றது. அதனையே நடுவுநிலைமை என்கின்றோம்.

நடுவுநிலைமையாவது எல்லார்க்கும் ஒரே அளவாகக் கொடுத்தல் அன்றோ எனின், அன்று. காய்ச்சலுற்றவனுக்கும் காலொடிந்தவனுக்கும் ஒரே மருந்தை ஒரே அளவிற் கொடுக்கும் மருத்துவனைச் சமநோக்கினன் என்று யாரே புகழ்வர்? அவரவர் நிலைக்கு வேண்டுவதனைக் கொடுத்து யாவரும் நலமெய்தச் செய்தலே முறையாம். இதனைச் சிறார்க்கு விளக்குதற்கு மேனாட்டாசிரியர் பெரிதும் கையாளும் படமொன்றுண்டு. சின்சினாட்டிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2012 இல் ஆக்கிய அப்படத்தில், நெடியோன் ஒருவனும் இடைத்தரத்தான் ஒருவனும் குறியோன் ஒருவனும் வேலிக்கு வெளியே நின்று பந்தாட்டங் காண முயல்கின்றனர். ஒருபுறத்தே மூவர்க்கும் பெட்டி ஒவ்வொன்று. குறியோனுக்கு ஆட்டந் தெரிந்திலது. மறுபுறத்தே நெடியோனுக்குப் பெட்டி இல்லை, குறியோனுக்கு இரண்டு, மூவரும் காண்கின்றனர். நூறு சொற்களால் விளக்கவேண்டுவதனை அப்படம் ஒரு நோக்கில் விளக்குமாகலின் அதனைப் பழித்தல் எளிதன்று. ஆயினும் அதன்கண் ஒரு பெருங்குறை உளது. அப்படத்திற் குறைபாடு குறியோனது உடம்பிலேயே இருக்கின்றது. அதனைக் காணும் சிறுவன், வறியோர் பிறப்பிலேயே குறையுடையார் என்றும், உடையோர் பெட்டி ஈந்து அவரைத் தாங்குகின்றனர் என்றும் கொள்வானன்றோ? வேலியை நட்டவர் யார், நிலம் ஒருபாற் பள்ளமாயது எங்ஙனம் என்னும் வினாக்கள் அவனுக்குத் தோன்றா. அன்று என் வகுப்பில் கைதூக்காதவன் குள்ளனாய் நின்றிலன், பள்ளத்தில் நின்றான்.

ஆதலால் படத்தினும் நிகழ்ச்சியே சிறார்க்கு ஏற்ற பாடமாம். அமெரிக்க நடுப்பள்ளி மாணாக்கர்க்கு அணிமையிலுள்ளதும், அவர் கற்கும் வேதிநூலோடு இயைந்ததுமாகிய நிகழ்ச்சி ஒன்றனை ஈண்டு விரித்துக் காட்டுவாம்.

மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட் என்பது அந்நாளில் ஏறக்குறைய 1,00,000 மக்கள் வாழ்ந்த நகரம். உந்துவண்டித் தொழிலாற் செழித்து, அத்தொழில் குன்றியபின் வறுமையுற்றது. குடிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பதின்மரில் நால்வர் வறுமையெல்லைக்குக் கீழ்ப்பட்டோர். நகரின் பொருள்நிலை சீர்குலைந்தமையால் மாநில ஆட்சியாளர் தாமே மேலாளர் ஒருவரை அமர்த்தி, மக்கள் தேர்ந்தெடுத்த நகரவையின் அதிகாரத்தை அவர்பால் ஒப்புவித்திருந்தனர். அதுகாறும் டெட்ராய்ட் நகரின் வாயிலாக ஹியூரான் ஏரிநீர் வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைத்தற்பொருட்டு 2014 ஏப்ரல் 25 ஆம் நாள் அதனை விடுத்துப் பிளிண்ட் ஆற்றுநீரைக் குழாய்களிற் செலுத்தத் தொடங்கினர். ஆற்றுநீர் குளோரைடு மிக்கதாய்க் குழாயை அரிக்குந் தன்மையது. ஏரிநீரிற் பாஸ்பேட்டு உப்புச் சேர்க்கப்பட்டிருந்தது. அது குழாயின் உட்புறத்தே காப்பாகப் படிந்து அரிப்பைத் தடுக்கும். ஆற்றுநீரில் அதனைச் சேர்த்திலர். பழங் காரீயக் குழாய்கள் அரிபட்டுக் காரீயம் குடிநீரிற் கலந்தது. நம் இல்லங்களிற் சாறு வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தாலாயது. அது வேறு, இது வேறு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இவ்வளவிற்குட்பட்டதாயின் தீங்கில்லை என்று வரையறுக்கத்தக்க அளவு அதற்கு இல்லை. கெட்டது மீள்வதும் இல்லை.

நீர் பழுப்பு நிறமாயிற்று, நாறிற்று, குளித்தோர் சிலர்க்கு மேனியிற் றடிப்புக் கண்டது. மக்கள் அந்நீரைப் புட்டிகளில் எடுத்துவந்து கூட்டங்களிற் காட்டி முறையிட்டனர். நீர் தீங்கற்றது என்பதே அவர்க்குக் கிடைத்த விடை. அவ்வாண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எந்திரத் தொழிற்சாலை, தன் உறுப்புக்களை அந்நீர் அரிப்பதைக் கண்டு, ஆற்றுநீர் வேண்டாவென விலக்கி வேற்றுநீர் பெற்றுக்கொண்டது. 2015 சனவரியில் அந்நகரத்து மாநில அலுவலகத்தில் பணிசெய்வோர்க்குத் தனியே தூயநீர்க் கலங்கள் வைக்கப்பட்டன. பள்ளிச்சிறார் பருகியதோ பழைய நீரே.

இவ்விடத்தில் ஆசிரியர் வாய்வாளாதிருத்தலே சாலும். 'இரும்பிற்கு ஆகாத நீர் எங்களையொத்த பிள்ளைகட்கு எங்ஙனம் ஆயிற்று?' என்று வகுப்பே வினவும். அவ்வினாவைப் பிள்ளைகள் தாமே கேட்டல் ஒருதலை. அதனை ஆசிரியர் முந்திக்கொண்டு கேட்டுத் தாமே விடையுங் கூறிவிடுவாராயின் பாடம் அங்கேயே பட்டுப்போம்.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் ஒளியாது கூறுதல் வேண்டும். தன் மக்கள் நோயுற்றமை கண்ட தாயொருத்தி விடாது உசாவினாள். வெர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் என்பார் வீடுதோறும் நீரைத் திரட்டி ஆய்ந்தார். மோனா ஹன்னா-அட்டிஷா என்னும் குழந்தை மருத்துவர், ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் குருதியாய்வுக் குறிப்புக்களை ஒப்புநோக்கி, காரீயம் மிகுந்த குழந்தைகளின் விழுக்காடு நீர்மாற்றத்தின் பின்னர் உயர்ந்தமையை 2015 செப்டம்பர் 24 ஆம் நாள் வெளியிட்டார். அலுவலர் முதலில் அவரை எள்ளினர். சின்னாட்களில் அவர் கணக்கே மெய்யென ஒப்பினர். அக்டோபர் 16 ஆம் நாள் நகரம் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. அந்நகரத்துச் சிறுமி ஒருத்தி, எட்டு அகவையினள், குடியரசுத் தலைவர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினாள். அவர் விடையெழுதி 2016 மே 4 ஆம் நாள் நேரிற் சென்றார். 2017 பிப்ரவரியில் மிச்சிகன் குடியுரிமை ஆணையம், நெடுங்காலமாக வேரூன்றிய இனவேற்றுமையும் இத்தீங்கிற்குக் காரணமாயிற்று எனத் தன் அறிக்கையிற் கூறிற்று. அவ்வாண்டே நீதிமன்றத்தின்வழி ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்றாண்டிற்குள் மாற்றப்பட வேண்டிய குழாய்கள் 2025 இலேதான் மாற்றி முடிக்கப்பெற்றன.

இனி, இவ்வாறு கற்பித்தலை மறுப்பார் கூற்றுக்களை நோக்குவாம். ஒருசாரார், 'இளம்பிள்ளைகட்கு உலகின் கொடுமைகளைக் கூறி மனங்கலங்கச் செய்தல் ஆகாது' என்பர். கனிவினாற் பிறந்த கூற்றாகலின் இதனை இகழ்தல் தகாது. ஆயினும் இது யாருடைய பிள்ளைகளை எண்ணிக் கூறியது? பிளிண்ட் நகரத்தில் குருதி ஆயப்பட்டவர் இவ்விளம்பிள்ளைகளினும் இளையோர். கொடுமையை நுகர்வதற்கு அகவை போதும், அறிவதற்கு அகவை போதாது என்றல் எவ்வாற்றானும் பொருந்தாது. அன்றியும், காரணம் அறியப்பெறாத பிள்ளை காரணமே இல்லையென்று இருந்துவிடாது; தானே ஒன்றனைப் படைத்துக்கொள்ளும். வறியோர் சோம்பர், அழுக்குடையார் என்பதே அது பெரும்பாலும் படைத்துக்கொள்ளும் காரணம். என் வகுப்பில் எழுந்த நகை அதனின்று பிறந்ததே.

மற்றொருசாரார், இதனாற் பகைமை வளரும் என்பர். ஆசிரியர் இன்னாரைத் தீயர் என்று சுட்டி முடித்துவிடின் வளர்தலும் கூடும். ஒருவர் கணக்கில் மிச்சம் பிடிக்கவும், ஒருவர் கையெழுத்திடவும், ஒருவர் ஆயாதொழியவும், ஒருவர் கேட்டும் கேளாராகவும் அத்தீங்கு சிறிது சிறிதாகத் திரண்டவாற்றைப் படிப்படியாகக் காட்டின், பிள்ளைகள் பகைக்கக் கற்பதினும் ஆராயக் கற்பர் என்பது என் துணிபு. இதில் முழுதும் வெற்றி எய்தலாம் என்று யான் கூறேன். சினம் சிறிது எழவே செய்யும். எழாதாயின் அப்பிள்ளை கேட்டிலன் என்றே பொருள்.

மூன்றாவது மறுப்பே நம்மவர்க்கு நெருங்கியது. 'அவரவர் வினையை அவரவர் நுகர்கின்றனர். இதில் முறைகேடு யாதுளது?' என்பர். நம் கொள்கையைத் தலைதடுமாறப் பொருள்கொண்ட கூற்று இது. தனக்கு வந்த துன்பத்தைத் தன் வினைப்பயனெனக் கொண்டு ஒருவன் பொறுத்தல் வேறு. பிறனுக்கு வந்த துன்பத்தை அவன் வினைப்பயனென்று சொல்லித் தான் வாளாவிருத்தல் வேறு. முன்னையது பொறை; பின்னையது வன்கண்மை. பிராரத்தம் வந்து ஊட்டுங்கால் அதற்கு வாயிலாய் நின்ற ஒருவன், தன் கருத்தானும் செயலானும் ஆகாமியத்தை ஈட்டிக்கொள்ளவே செய்கின்றான். 'குழந்தைகளின் வினை குழாய்வழி வந்தது; உப்புச் சேர்க்காத எனக்கு யாதும் இல்லை' என்று அலுவலர் ஒருவர் சைவநூலை மேற்கோள் காட்டித் தப்புதற்கு இடமில்லை என்க.

நம் அடியார் வரலாறும் இதற்கே சான்றாம். கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் உடன்வந்த பரிசனத்தார்க்கு நளிர்சுரம் உற்றபோது, அது நாட்டின் இயல்பு, அவரவர் ஊழ் என்று ஆளுடைய பிள்ளையார் இருந்துவிட்டிலர். பதிகம் ஓதி அதனை நீக்கினார். திருவீழிமிழலை வரலாறு இன்னும் நுண்ணியது. வற்கடக் காலத்தில் பிள்ளையார்க்கும் நாவரசர்க்கும் நாள்தோறும் பொற்காசு ஒவ்வொன்று கிடைத்தது. இரண்டும் காசே. ஆயினும் பிள்ளையாரது காசு கடைவீதியில் வாசிபட்டமையால், அதனை மாற்றிப் பண்டங்கொள்ளப் பொழுது சென்றது. நாவரசர் திருமடத்தில் அடியார் காலத்தே உண்ண, பிள்ளையார் திருமடத்தில் அடியார் காலந்தாழ்த்து உண்டனர். பிள்ளையார் செய்தது யாது? நமக்கும் ஒரு காசு கிடைக்கின்றதன்றோ என்று அமைந்திலர். பசித்தோர் காத்திருப்பதேன் என்று உசாவினார். காரணம் காசின் வாசி எனத் தெரிந்தார். அவ்வாசி தீரவேண்டுமென்று இறைவனிடமே முறையிட்டார். நாவரசரது கைத்தொண்டின் சிறப்பு அவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பதனை யாம் மறந்திலேம். பிள்ளையாரது உசாவலையே ஈண்டுக் கருதவேண்டும் என்க. சமமாகக் காணப்படும் இரண்டு காசுகளின் உள்ளே மறைந்துகிடந்த வேறுபாட்டை, உண்போரது பசியினின்று பின்னோக்கிச் சென்று கண்டறிந்தார். நலவாழ்வின் முறைகேட்டை ஆராய்வார் செய்வதும் இதுவே.

இனிக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். யாருடைய நிலையைப் பற்றிப் பாடம் நிகழ்கின்றதோ அவன் அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கின்றான் என்பதனை ஒருகணமும் மறத்தல் ஆகாது. 'உங்களுள் யார் வீட்டிற் கழிப்பறை இல்லை, யார் வீட்டில் மருந்திற்குப் பொருளில்லை' என்று வினவுதல் பாடமன்று, நோவச் செய்தலாம். தொலைவிலுள்ள ஓரூரின் நிகழ்ச்சியை முதலில் எடுத்தல் இதனாலேயே நன்று. தம் ஊரை ஆராயுங்காலும் ஆட்களை ஆராயாது பொருள்களை ஆராய்தல் வேண்டும். நீர்த்தொட்டி யாண்டுளது, குழாய் எத்தெருவோடு நின்றுவிடுகின்றது, மருத்துவமனைக்கு எத்துணைத் தொலைவு, பேருந்து எந்நேரத்தில் உண்டு என்பனவற்றை மாணாக்கர் தாமே நடந்து கண்டு வரைபடமாக வரையலாம். 1854 இல் இலண்டனில் வாந்திபேதி மிகுந்தகாலை மருத்துவர் ஜான் ஸ்நோ, இறந்தோர் வீடுகளைத் தெருத்தெருவாகக் குறித்து நோக்கி, பிராட் தெருவின் நீரிறைக்கும் பொறியைச் சுட்டிக்காட்டினார். வரைபடம் எழுதக் கற்ற ஏழாம் வகுப்பு மாணவன் அவர்செய்ததனை விளங்கிக்கொள்ளல் அரிதன்று.

வறியோர்க்குப் பழைய ஆடையும் நாணயமும் திரட்டிக்கொடுத்தலோடு இப்பாடத்தை முடித்துவிடும் வழக்கமும் உண்டு. ஈகை நன்றே, அதனை விலக்குவார் யாருமிலர். ஆயினும் கொடுத்தவன் அன்றிரவு நிறைந்த நெஞ்சொடு உறங்கிவிடுவான். குழாயோ பழைய குழாயே. மாணாக்கர்க்கு ஏற்ற செயல் சிறிதாயினும் காரணத்தை நோக்கியதாதல் வேண்டும். தாம் கண்டதனை எழுதி ஊராட்சி மன்றத்தார்க்கு விடுத்து, விடை வருமளவும் காத்திருத்தல் ஒன்று. விடை வாராதொழிதலும் ஒரு பாடமே; அதனையும் மறையாது வகுப்பிற் பேசலாம். உலகைத் திருத்தும் கடன் முழுவதும் தம்மதே என்று பிள்ளைகள் எண்ணி வருந்தாதவாறு, பெரியோர்க்குரிய கடன் இது, உமக்குரியது இவ்வளவே என்று பிரித்துக் கூறுதலும் வேண்டும்.

யான் பள்ளியினின்று ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் ஆயின. அம்மழைக்காலத்து வகுப்பு மீண்டும் வருமாயின், காய்ச்சுவோர் யார் என்று கேளேன். மூலையிலிருந்த மண்பானையைக் காட்டி, 'இந்நீர் எங்கிருந்து, யார்யார் கைவழியாக இவ்வகுப்பிற்கு வந்தது?' என்று வினவுவேன். அவ்வினாவிற்கு விடை கூறத்தக்கவன் மூன்றாம் வரிசையில் இருந்தான். விடியுமுன் குழாயடிக்குச் செல்பவன் அவனே.